தண்ணி குடுக்காதவ

எங்கள் ஊரில் என் அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: தண்ணி குடுக்காதவ. முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அவள் தலை மறைந்ததும் சொல்வார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே வாசலை மிதித்த ஆளுக்கு, அது பங்காளிப் பகையே ஆனாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பெற்ற பிள்ளைக்கே தண்ணீர் கொடுக்காதவள் என்று பேர் எடுப்பதைவிடக் கேவலம் வேறு இல்லை. அந்தப் பிள்ளை நான்தான். அந்தப் பேரை வைத்தது என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பல வருசம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம். சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

பத்து வயதில் எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரே நாளில் போகவில்லை. பிறந்ததிலிருந்தே சிறுநீர், பையிலிருந்து மேலே திரும்பி ஏறி, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறது. அடிக்கடி காய்ச்சல் வரும், ஊசி போடுவார்கள், இறங்கிவிடும். வயதுக்குத் தக்க வளரவில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: அப்பா வழியில் எல்லாரும் குட்டை. பிறகு ஒரு கோடையில் முகம் உப்ப ஆரம்பித்தது. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் புள்ள பூசுனாப்புல லட்சணமா இருக்கறா" என்று சொல்லி, மிளகாயும் உப்பும் எடுத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். கன்னத்தில் இருந்தது சதை இல்லை. வெளியே போக வழி தெரியாமல் தேங்கி நின்ற தண்ணீர்.

சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இனி வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும் இதுதான் வழி என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினாள். 'இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நாங்க போடறதில்லைங்க' என்று போன இடத்திலெல்லாம் சொன்னார்கள். வாசலில் டயாலிசிஸ் என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும்தான் சிறுநீரகம் கெடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு இன்னமும் புரியவில்லை.

கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. அந்த வார்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. மற்றவர்கள் எல்லாம் தறிக்காரர்கள், லாரிக்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை என் கையை இரண்டு சுற்றுச் சுற்றும். முதலில் கழுத்தில் குழாய், பிறகு கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்து அதில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் போகும், இன்னொன்று வழியாகத் திரும்பி வரும். வடிகட்டி மட்டும் பிள்ளைகளுக்கு உண்டான சின்ன அளவில் இருக்க வேண்டும். பெரியவர்களுடையதைப் போட்டால் என் உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் ரத்தம் வெளியே போய் நிற்கும், மயக்கம் வந்துவிடும். அந்தச் சின்ன வடிகட்டி பல நாள் இருப்பில் இருக்காது. நாளைக்கு வாங்க என்பார்கள்.

"ஏனுங்க, உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா நாளைக்கு வான்னு சொல்லுவீங்களா?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வாள். எப்படியோ மத்தியானத்துக்குள் வடிகட்டி வந்துவிடும். காலையில் இல்லாத பொருள் மத்தியானம் எந்த மரத்தில் காய்த்தது என்று யாரும் சொன்னதில்லை.

மிஷின்கூடப் பழகிவிட்டது. பழகாதது தாகம்தான். எனக்குச் சிறுநீர் பிரிவது அநேகமாக நின்றுபோயிருந்தது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும், மிகுந்தால் நுரையீரலுக்குள் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை அம்மா ஒரு டம்ளரில் எடுத்து மூடி வைத்துவிடுவாள். அதிலிருந்து பாலாடையில் ஊற்றிக் கொடுப்பாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்ன வெள்ளிப் பாலாடைதான். டம்ளரை அப்படியே கையில் கொடுத்தால் ஒரே மூச்சில் தீர்ந்துபோகும், பொழுதுக்கும் அழவேண்டியிருக்கும், பாலாடை என்றால் இழுத்துப் பிடித்துக் குடிக்கலாம் என்பது அவள் கணக்கு. சாப்பாட்டில் உப்பு கிடையாது. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள், சாம்பல் மாதிரி இருக்கும். பேருந்து ஆட்டையாம்பட்டியில் நிற்கும்போது முறுக்குக்காரர்கள் ஜன்னலோரம் வருவார்கள். அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள்.

என் கண்ணுக்கு முன்னால் அம்மா தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. கூடத்தில் இருந்த தண்ணீர்ப் பானையை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். விருந்தாளி வந்தால், "வெளிய கொழாயில குடிச்சுக்குங்க, புள்ள பாத்தா ஏங்கிப் போகும்" என்று தணிந்த குரலில் சொல்வாள். அதுதான் ஊருக்குப் பெரிய குற்றமாகப் போயிற்று. வந்தவனுக்குச் சொம்பு எடுத்து நீட்டாத வீடு ஒரு வீடா என்று பேச்சுக் கிளம்பியது. பிள்ளை அங்கே தொண்டை வறண்டு கிடக்கிறது, இவர்களுக்குச் சொம்பு நீட்டவில்லை என்று குறை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது சரிதான். ஆனால் அந்த ஊர் வாய் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருந்தது.

அத்தை அடுத்த தெரு வளவில்தான் இருந்தாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள், தென்னந்தோப்புக்காரர்கள். பிள்ளைகள் மேல் உயிரையே விடுவாள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பாலாடையில் அம்மா எனக்குத் தண்ணீர் புகட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கண்ணன் ஊர் ஊராப் போயி பூமியத் தொளச்சுத் தண்ணி எடுத்துக் குடுக்கறான். அவன் பெத்த புள்ளைக்கு ஒரு மொடக்குத் தண்ணிக்கு வக்கில்ல."

அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியே இருப்பார். அத்தை சொன்னது கேட்க நன்றாக இருந்தது. அதனாலேயே ஊர் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

"டாக்டர் சொன்னதைத்தான் செய்யறேன் அம்மிணி. தண்ணி மிஞ்சுனா மூச்சு அடச்சுப் போகும்" என்றாள் அம்மா. அத்தையை உட்காரவைத்து எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாழைப்பழம் ஆகாது, சாத்துக்குடி ஆகாது, இளநீர் ஆகவே ஆகாது. அதில் இருக்கிற ஒரு உப்பைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும், அது தங்கினால் இருதயம் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"இளநி கூடவா ஆகாது? பச்சக் கொழந்தைக்கே குடுக்கறோம். நங்கையா, நீங்க கேக்கறதெல்லாம் எந்த ஊரு நாயம்?" என்றாள் அத்தை. அண்ணிக்கு எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். போகும்போது வாசலில் நின்று யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது. "தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற. அவ குடிச்சுக்கறா, புள்ள காயுது."

அம்மா அதைக் கேட்டாள். அரிவாள்மனையில் இருந்த காயை அரிந்துகொண்டே இருந்தாள்.

அந்த வருசம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கம்பம் நட்டார்கள். மூன்று கவராகப் பிரிந்த மரம் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து கோயிலுக்கு முன்னால் நட்டு, நோம்பி முடிகிற வரைக்கும் தினமும் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பொறுக்காமல், நானும் ஊற்றப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவளும் விட்டாள், ஈர மண்ணில் நிற்கட்டும், கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று. அத்தைதான் கூட்டிக்கொண்டு போனாள். சித்திரை வெயில். ஊர்ப் பெண்கள் எல்லாம் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். நானும் ஒரு சின்னச் சொம்பில் ஊற்றினேன். தண்ணீர் மரத்தில் வழிந்து, மண்ணில் ஓடி, சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. மரத்துக்குக் குடம், எனக்குப் பாலாடை. மாரியாத்தாளைப் பார்த்து நான் அன்றைக்கு மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை கோயிலில் பொங்கல். செவ்வாய்க்கிழமைதான் எனக்கு மிஷின். சனிக்கிழமை போட்டதற்குப் பிறகு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழும், அதனால் செவ்வாயைத் தவறவிடவே கூடாது. "நோம்பி நாளும் அதுவுமா புள்ளைய ஊசிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? ஒரு நாளைக்குப் போகாட்டி என்ன ஆயிப்போகும்?" என்று அத்தை கேட்டாள். அம்மா ஆஸ்பத்திரிப் பையை எடுத்துத் தயாராக வைத்தாள்.

திங்கள்கிழமை மத்தியானம், கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வருகிற வழியில், அத்தை என்னைத் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனாள். நோம்பிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்காகக் குலைகுலையாக இளநீர் இறக்கிப் போட்டிருந்தார்கள். அத்தை ஒன்றைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, தானே சீவினாள்.

"குடி சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லாத. மிசின் கெடக்குது மிசினு. நீர் பிரியாததுக்குத்தான இந்தப் பாடு? இளநி குடிச்சா கல்லே கரஞ்சு போகுதாம். உனக்கு ஒரே நாள்ல நீர் பிரிஞ்சு நல்லாயிருவ பாரு."

குடித்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று சீவினாள். அதையும் குடித்தேன். வழுக்கையைச் சுரண்டி வாயில் வைத்தாள். அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றாள், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதைவிடச் சுகமான ஒன்றை அதற்கு முன்னாலும் நான் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை. இதற்காக நான் வருத்தப்படப் போகிறேன் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. எனக்குப் பதினோரு வயது. தாகம் என்பது என்னவென்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு அந்த வயதில் என்னை நிறுத்தினாலும் குடிப்பேன்.

நான் கேட்பது வேறு. தப்பில்லை என்று நினைத்தவள் ஏன் ஒளித்துக் கொடுத்தாள்? உங்கம்மாகிட்டச் சொல்லாத என்று ஏன் சொன்னாள்? இத்தனை வருசத்தில் எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ஊரே மாவிளக்கு எடுத்துக்கொண்டிருந்தது. தப்பட்டைச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவும் நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேருந்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் கால் இரண்டும் கனத்துப் போயின. என் கால்தானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சேலத்தில் இறங்க எழுந்தபோது நிற்க முடியவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் ஒல்லிதான், என்றாலும் பதினோரு வயதுப் பிள்ளை. பேருந்து நிலையக் கூட்டத்துக்குள் அவள் ஓடியது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அவள் மூச்சு என் காதில் இரைந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். பணியில் இருந்த இளம் டாக்டரம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று. கையில் ஊசி ஏற்றினார்கள், உடம்பெல்லாம் சூடு பரவியது. மிஷினைத் தயார் பண்ணச் சொல்லிக் கத்திவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இளநியா, வாழைப்பழமா? சீக்கிரம் சொல்லு."

"எம்புள்ள அதெல்லாம் தொடவே மாட்டாளுங்க. நான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திப் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. எவ்வளவு உறுதியாகச் சொன்னாள் தெரியுமா.

"இளநி. நேத்து. ரெண்டு" என்றேன்.

யார் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீங்கெல்லாம் என்ன அம்மா? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? பாசம் பாசம்னு நீங்களே குடுத்துக் கொன்னுட்டு, அப்புறம் எங்ககிட்ட வந்து நெஞ்சுல அடிச்சுக்குவீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருந்தா பிள்ளையை அப்படியே துணியில சுத்திக் குடுத்திருப்போம்."

வார்டு முழுக்கக் கேட்டது. நான் கொடுக்கவில்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு வளரும், மிஷின் போடுவது தாமதமாகும் என்று நினைத்தாளோ என்னவோ. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ஊரில் தண்ணீர் கொடுக்காதவள், ஆஸ்பத்திரியில் இளநீர் கொடுத்தவள். என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் ஏச்சு. அந்த டாக்டரம்மா அன்றைக்கு என்னைக் காப்பாற்றினாள். நன்றி உண்டு. ஆனால் அவள் பேசிய பேச்சை நான் மன்னிக்கவில்லை.

மிஷின் ஓட ஓட கால் திரும்ப என் கால் ஆயிற்று. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "அத்தையா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

ஊரில் பேருந்தை விட்டு இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக அத்தை வீட்டுக்குத்தான் போனாள், என்னையும் கையில் பிடித்துக்கொண்டு. வாசல் பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாம் நோம்பிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அத்தை வழக்கப்படி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கினாள். வாங்கி, குடிக்காமல், குனிந்து தரையில் வைத்தாள்.

"அம்மிணி, எம்புள்ள இன்னைக்குப் பொணமா வந்து எறங்கியிருக்கோணும். நீ குடுத்த இளநி அவ நெஞ்ச நிறுத்தப் பாத்துச்சு. ஆகாதுன்னு உன்னைய உக்கார வெச்சுத்தான சொன்னேன்? இனி இந்த ஊட்டுல எம்பல்லுல ஒரு சொட்டுத் தண்ணி படாது."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தக்கூட இல்லை. அத்தை மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணன் புள்ளைய நானு கொல்லுவனா? வாய் காஞ்சு கெடக்குதேன்னு குடுத்தேன். நல்லதுக்குக் காலமில்லீங்களே." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எச்சில் கையோடு எழுந்து அத்தையைத் தேற்றினார்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. பாசத்தில் செய்ததை இப்படி நோம்பி நாளில் சபையில் வைத்துப் பேசலாமா, நாக்கில் ஈரம் இல்லாதவள் என்று அம்மாவுக்குத்தான் திட்டு.

அப்பா இரண்டு நாள் கழித்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "அவளும் பாசத்துல பண்ணிட்டா. உடு."

"பாசத்துல பண்ணுனா போன உசுரு திரும்பி வந்துருமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நல்ல மனுசன். பூமிக்குள் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஊற்று என்று சொல்லிவிடுவார். தங்கச்சி அழுதால் மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதிலிருந்து அத்தைக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை. தண்ணி குடுக்காதவ என்ற பேர் அப்போதுதான் நிலைத்தது. அம்மா என்னை அதற்குப் பிறகு தனியாக எங்கேயும் விடவில்லை. கம்பம் நட்டால் வாசலில் நின்று பார்ப்பதோடு சரி.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கிற பேச்சு வந்தபோது அப்பாவின் ரத்தம் எனக்குப் பொருந்தவில்லை. அம்மாவுடையது பொருந்தியது. அப்போது பாருங்கள், பாசம் பிடித்து ஆட்டிய சொந்தமெல்லாம் வாயை மூடிக்கொண்டது. அத்தையிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் எங்கே கேட்டுவிடுவார்களோ என்று அவள் எங்கள் தெருப் பக்கமே அந்தச் சமயம் வரவில்லை. வேறு சிலர் வந்தார்கள். புத்தி சொல்ல வந்தார்கள். "பொட்டப்புள்ளைக்காக நீ எதுக்குக் கத்தி வெச்சுக்கற? ஒண்ணு போனா இன்னொண்ணு பெத்துக்க வயசு இருக்குது." நான் உள்ளே படுத்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. அம்மா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. வெளியே குழாயைக் காட்டினாள். "தண்ணி வேணும்னா அங்க குடிச்சுட்டுக் கெளம்புங்க."

கோயமுத்தூரில் ஆபரேசன் நடந்தது. கண் விழித்தபோது கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் மஞ்சளாகத் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. இது யாருடையது என்று கேட்டேன். உன்னுடையதுதான் என்று நர்ஸ் அக்கா சிரித்தாள். பிறகு ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "இனி நிறையக் குடிக்கணும் பாப்பா. குறைச்சா புதுக் கிட்னிக்கு ஆகாது" என்றாள். நான் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வேறு அறையில் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பார்க்க அவளுக்குச் சில நாள் ஆயிற்று. வந்தவள் முதல் காரியமாக ஜக்கைத் தூக்கிப் பார்த்தாள். குறையாமல் இருந்தது. டம்ளரில் ஊற்றி என் வாயில் வைத்து, "குடி சாமி, குடி" என்றாள். பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றாளே அத்தை, இப்போது என் வயிற்றில் வேலை செய்வது என் அம்மாவுடையது.

நான் படித்து, இப்போது திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மாத்திரை காலம் முழுக்க உண்டு. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. தினமும் காலையில் அதை அம்மாதான் நிரப்பிக் கையில் கொடுப்பாள். எனக்கு நிரப்பத் தெரியாதா என்றால் கேட்கமாட்டாள்.

போன வருசம் அத்தை மகளுக்குக் கல்யாணம். அப்பா தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது, சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது தாய்மாமன் பெண்டாட்டி. அத்தை வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, பார்த்தார். அம்மா பெருமூச்சு விட்டு, சரி என்றாள்.

சீர் கொண்டுபோன அன்று அத்தை வீட்டில் கூட்டம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளை இறக்கி வைத்ததும் அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். பழைய கதை தெரிந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா சொம்பை வாங்கினாள். அண்ணாந்து மூன்று மடக்குக் குடித்தாள். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கம் திருப்பினாள்.

"இது எங்கண்ணன் மகளுங்க, டீச்சரா இருக்கறா. சின்னதுல கிட்னி போயி ரொம்பக் கஷ்டப்பட்டுப் போச்சுங்க. டாக்டர் பேச்சக் கேட்டுட்டு இவங்கம்மா ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டாங்க. நாந்தானுங்க ஒளிச்சு ஒளிச்சு இளநி குடுத்து இந்த உசுரக் காப்பாத்துனேன்." சொல்லிவிட்டு டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தாள். "குடி சாமி. இப்ப எத்தன வேணாலும் குடிக்கலாமாமா."

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. அதை அவள் முழுசாக நம்புகிறாள். அந்த இளநீரால்தான் நான் பிழைத்தேன் என்று இத்தனை வருசமும் நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"அத்த, அந்த இளநியாலதான் நான் சாகக் கெடந்தேன். எங்கம்மா என்னையத் தோள்ல தூக்கிப் போட்டுட்டு ஓடுனாங்க. அப்பறம் அவங்க வயித்த அறுத்து அவங்க கிட்னியக் குடுத்தாங்க. உசுரக் காப்பாத்துனது யாருன்னு சொல்றப்ப இதையும் சேத்துச் சொல்லுங்க."

அத்தையின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா என் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னார். "நல்ல காரியத்துல எதுக்கு சாமி. ஒரு வாய் வாங்கிக் குடிச்சிரு. ஆளுக பாக்கறாங்க."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது, கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்து அப்பா பக்கம் திரும்பினாள்.

"நான் குடிச்சுட்டேனுங்க. அது உங்களுக்காக" என்றாள். "அவ குடிக்கோணும்னு இல்ல."

தோள்பையிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன். அத்தையின் டம்ளர் இன்னும் என் முகத்துக்கு நேரேதான் இருந்தது. மூடியைத் திருகித் திறந்து, காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீரை, அத்தனை பேரும் பார்க்க, பாட்டில் காலியாகிற வரைக்கும் நின்று குடித்தேன்.